நீர்மூழ்கிக்காகப் பிறந்த உலை: அட்மிரல் ரிக்கோவரும் அவர் விட்டுச்சென்றதும்

உலகில் இன்று ஓடிக்கொண்டிருக்கும் அணு மின் உலைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அழுத்த நீர் உலை என்று பெயர். கூடங்குளத்தில் இருப்பதும் அதன் ரஷ்யக் கிளைதான். 1940களின் கடைசியில் விஞ்ஞானிகளின் கையில் இது ஒன்று மட்டும் இருக்கவில்லை. வாயுவால் குளிரூட்டும் உலை, உருகிய சோடியம் ஓடும் உலை, கன நீர் உலை, உருகிய உப்பில் எரிபொருளையே கரைத்துவிடும் உலை என்று பல யோசனைகள் இருந்தன. அத்தனையையும் முந்திக்கொண்டு இது ஒன்று உலகம் முழுக்கப் பரவியதற்கு அறிவியல் மட்டும் காரணம் இல்லை. நீர்மூழ்கிக் கப்பலின் வயிற்றுக்குள் அடங்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையும், அதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு கடற்படை அதிகாரியும் முக்கியக் காரணங்கள். அவர் ஹைமன் ஜார்ஜ் ரிக்கோவர்.

அமெரிக்கக் கடற்படையில் 63 ஆண்டுகள் பணியாற்றியவர். உட்ரோ வில்சன் தொடங்கி ரொனால்டு ரீகன் வரை 13 அதிபர்களின் காலம் அது. இத்தனை நீண்ட பணியில் அவர் தலைமை வகித்த கப்பல் ஒன்றே ஒன்று. சீனக் கடற்பகுதியில் இருந்த ஃபின்ச் என்ற பழைய கண்ணிவாரிக் கப்பல், அதுவும் 1937இல் சில மாதங்கள் மட்டும். எந்தக் கடற்போரையும் அவர் நடத்தியதில்லை. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் கடற்படை வரலாற்றில் அவர் அளவுக்குத் தடம் பதித்தவர்கள் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

அவர் பிறந்தது 1900இல், அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த போலந்தின் மாக்கூவ் என்ற சிற்றூரில். அப்பா தையல்காரர். யூதர்கள் மீதான தாக்குதல்களுக்குப் பயந்து குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து சிகாகோவில் தங்கியது. பள்ளியில் படிக்கும்போதே வெஸ்டர்ன் யூனியனில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார் ரிக்கோவர். அந்த வேலையில் அறிமுகமான, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் அடால்ஃப் சபாத்தின் பரிந்துரையால்தான் அனாபொலிஸில் உள்ள கடற்படைக் கல்லூரிக்குள் நுழைய முடிந்தது. கல்லூரிக் கட்டணம் கட்டும் நிலையில் இல்லாத குடும்பத்துக்கு, இலவசமாகப் படிக்க வழி தந்த இடம் அது.

அங்கே அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒரு சான்று போதும். 1922 வகுப்பில் இன்னொரு யூத மாணவர் இருந்தார், லெனர்டு கப்லன். தேர்ச்சிப் பட்டியலில் இரண்டாவது. அந்த ஆண்டு மலரில் அவருடைய பக்கத்தை மட்டும், வேண்டாதவர்கள் தடமில்லாமல் கிழித்துப் போட வசதியாக, ஓரத்தில் துளையிட்டு அச்சிட்டிருந்தார்கள். அந்த வகுப்பில்தான் ரிக்கோவரும் படித்தார். யாரோடும் ஒட்டாமல், ஓயாமல் படித்துக்கொண்டே இருந்து, 540 பேரில் 107ஆவதாகத் தேறினார். பின்னாளில் அவரிடம் எல்லோரும் கண்ட முரட்டுத்தனத்துக்கு இது மட்டுமே விளக்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடற்படையின் விருந்து மேசைப் பண்பாடு தனக்குரியதில்லை என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார் என்று தோன்றுகிறது.

பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தார். எஸ்-48 என்ற நீர்மூழ்கியில் சில ஆண்டுகள் பணி. அடிக்கடி பழுதாகும் மோட்டார்களும் பேட்டரிகளும் கொண்ட கப்பல் அது. அந்தக் காலத்து நீர்மூழ்கியின் அடிப்படைச் சிக்கலை அங்கே அவர் உடலோடு உணர்ந்திருப்பார். மேலே மிதக்கும்போது டீசல் என்ஜின், அதற்குக் காற்று வேண்டும். மூழ்கிவிட்டால் பேட்டரி. முழு வேகத்தில் போனால் அந்த பேட்டரி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மெதுவாக ஊர்ந்தால் ஒரு நாள், ஒன்றரை நாள் தாங்கும். அப்புறம் மேலே வந்துதான் ஆக வேண்டும், வந்தால் எதிரி பார்த்துவிடுவான். உண்மையில் அது தேவைப்படும்போது சற்று நேரம் மூழ்கத் தெரிந்த ஒரு மிதவைக் கப்பல். காற்றே தேவைப்படாத ஒரு வெப்ப மூலம் கிடைத்தால் கதையே மாறிவிடும். அணுப்பிளவு அதைத் தந்தது.

இரண்டாம் உலகப் போரில் அவர் வாஷிங்டனில் கப்பல்களுக்கான மின்சாதனப் பிரிவின் தலைவர். வெடிகுண்டின் அதிர்ச்சியில் உடையாத சுவிட்ச், தண்ணீர் புகாத கேபிள் என்று ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பிச் செய்ய வைத்தார். உற்பத்தியாளர்கள் சொல்வதை அப்படியே நம்பாமல், பாகத்தை எடுத்துத் தானே சோதித்துப் பார்க்கும் வழக்கம் அப்போது வந்தது. 1946இல் கடற்படை ஒரு சிறு குழுவை டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. அணு அறிவியல் என்றால் என்னவென்று கற்றுக்கொண்டு வர வேண்டும். அதில் மூத்த அதிகாரி ரிக்கோவர். வயது 46. இளம் இயற்பியலாளர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பாடம் கேட்டார். அங்கேதான் இயற்பியலாளர் ஆல்வின் வைன்பெர்க், நீர்மூழ்கிக்கு அழுத்த நீர் உலை பொருந்தும் என்று அவரிடம் சொன்னார்.

அந்த யோசனையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அணுப்பிளவில் வெளிவரும் நியூட்ரான்கள் மிக வேகமானவை. அவற்றின் வேகத்தைக் குறைத்தால்தான் அடுத்த யுரேனிய அணுவைப் பிளப்பது எளிது. சாதாரண நீர் அந்த வேகத் தணிப்பைச் செய்யும், வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். ஆனால் வெப்பம் 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதும் அது கொதிக்கக் கூடாது. அதனால் வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் அடைத்து வைக்கிறார்கள். நம் வீட்டு பிரஷர் குக்கரின் தத்துவம்தான், அளவு மட்டும் எங்கேயோ இருக்கிறது. இந்த நீர் மூடிய வட்டத்துக்குள்ளேயே சுற்றும். அதன் சூட்டில் இன்னொரு வட்டத்து நீர் ஆவியாகி டர்பைனைச் சுழற்றும்.

இதில் ஓர் அழகு இருக்கிறது. கப்பல் திடீரென வேகம் எடுத்தால் டர்பைன் அதிக வெப்பத்தை உறிஞ்சும், உலைக்குத் திரும்பும் நீர் சற்றுக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த நீர் அடர்த்தி கூடியது, நியூட்ரான்களை நன்றாகத் தணிக்கும். உடனே உலையின் திறன் தானே உயரும். வேகம் குறைந்தால் நேர்மாறு. நியூட்ரான்களை விழுங்கி உலையை அடக்கும் கட்டுப்பாட்டுக் கோலை யாரும் தொட வேண்டியதில்லை. கடலில் ஆடி அசையும் ஒரு கப்பலில், இருபது வயது மாலுமிகள் இயக்கப்போகும் உலைக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்?

போட்டியில் இருந்தது சோடியம். அதற்கு அழுத்தம் தேவையில்லை, வெப்பத்தை அருமையாகக் கடத்தும், நல்ல சூடான நீராவி கிடைக்கும். ரிக்கோவர் இரண்டையும் ஒரே நேரத்தில் கட்ட வைத்தார். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்கு நீர், ஜெனரல் எலக்ட்ரிக்குக்குச் சோடியம். 1957இல் கடற்படையில் சேர்ந்த சீவுல்ஃப் என்ற நீர்மூழ்கி சோடியம் உலையோடு வந்தது. நீராவிக் குழாய்களில் கசிவு. சோடியமும் நீரும் சந்தித்தால் என்ன ஆகும் என்று பள்ளி மாணவருக்கும் தெரியும். போதாததற்கு, உலைக்குள் சுற்றிவரும் சோடியம் கடும் கதிரியக்கம் கொண்டதாக மாறுகிறது, பழுது பார்க்க வேண்டுமென்றால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டச் செலவு அதிகம், இயக்கச் சிக்கல், சிறு பழுதுக்கும் நீண்ட நிறுத்தம், சரிசெய்யக் கடினம் என்பதுதான் ரிக்கோவரின் தீர்ப்பு. சீவுல்ஃபின் உலையைப் பிடுங்கிவிட்டு அழுத்த நீர் உலையை வைத்தார். கல்பாக்கத்தில் 2004இல் கட்டத் தொடங்கி, 2024 மார்ச்சில்தான் உலையின் மையப் பகுதியை நிரப்பும் கட்டத்துக்கு வந்த 500 மெகாவாட் வேக ஈனுலையும் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை விளைவிக்கும் வகை) சோடியத்தால் குளிரூட்டப்படுவதுதான். தோரியத்தை எதிர்காலத்தில் பயன்படுத்துவதற்கான நெடும் திட்டத்தில் இந்தியாவுக்கு அந்த வழி தேவைப்படுகிறது, நீர்மூழ்கிக்கு அந்தத் தேவை இல்லை. அதனால் அவர் தீர்ப்பை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் அவர் அடுக்கிய குறைகளைப் படிக்கும்போது கல்பாக்கம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

யோசனை வைன்பெர்க்குடையது என்றால், அதை இரும்பில் செய்து காட்டியது ரிக்கோவர். 1949 வாக்கில் அவர் ஒரு விந்தையான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். கடற்படையின் கப்பல் பிரிவில் அணு உந்துவிசைக்குப் பொறுப்பாளர் அவரே. சிவில் அமைப்பான அணுசக்தி ஆணையத்தில் கடற்படை உலைகளுக்குப் பொறுப்பாளரும் அவரே. இரண்டு தொப்பி. கடற்படை அதிகாரியாக அணுசக்தி ஆணையத்துக்கு ஒரு கோரிக்கை எழுதுவார், ஆணையத்தின் அதிகாரியாக அதற்கு ஒப்புதல் கொடுப்பார். ஒரு பக்கம் தடை வந்தால் இன்னொரு பக்கத்து அதிகாரத்தால் தாண்டுவார்.

தொழில்நுட்பத்தில் அவர் எதிர்கொண்ட சிக்கல்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு சிர்க்கோனியம். எரிபொருளை எந்த உலோகத்தில் உறையிடுவது? துருப்பிடிக்கக் கூடாது, நியூட்ரான்களையும் விழுங்கக் கூடாது. சிர்க்கோனியம் பொருத்தமாகத் தெரிந்தது. ஆனால் இயற்கையில் அதனோடு ஒட்டிக்கொண்டே வரும் ஹாஃப்னியம் நியூட்ரான்களை வெகுவாக விழுங்குவது. இரண்டையும் பிரித்தெடுக்கும் தொழில் அன்று இல்லவே இல்லை, சுத்தமான சிர்க்கோனியம் ஆய்வுக்கூடத்தில் சிறு துண்டுகளாகத்தான் கிடைத்தது. அந்தத் தொழிலையே புதிதாக உருவாக்க வைத்தார். பிரித்தெடுத்த ஹாஃப்னியமும் வீணாகவில்லை, நியூட்ரான்களை விழுங்கும் அதே குணத்துக்காகக் கட்டுப்பாட்டுக் கோல்களாயிற்று. இன்று தாராப்பூரிலும் கல்பாக்கத்தின் கன நீர் உலைகளிலும் கூடங்குளத்திலும் எரிபொருள் இருப்பது சிர்க்கோனியக் கலப்பு உலோகக் குழாய்களுக்குள்தான்.

முதல் மாதிரி உலையை ஐடஹோ பாலைவனத்தில் கட்டினார்கள். சாதாரணக் கட்டடத்தில் விரித்துப் போட்டுக் கட்டுவோம், எல்லாம் சரியாக இருந்தால் பிறகு சுருக்கிக்கொள்ளலாம் என்று பொறியாளர்கள் நினைத்தார்கள். ரிக்கோவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீர்மூழ்கியின் உடல் துண்டு ஒன்றைச் செய்து, அதைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி வைத்து, கப்பலில் எந்த இடத்தில் எந்தக் குழாய் வருமோ அப்படியே அதற்குள் பொருத்த வைத்தார். 1953 மார்ச்சில் அதில் தொடர்வினை தொடங்கியது. ஜூன் மாதம் முழுத் திறனில் 24 மணி நேரச் சோதனை நடந்தது. வேண்டிய தகவல் கிடைத்தாயிற்று, நிறுத்தலாம் என்றார்கள் பொறியாளர்கள். அட்லாண்டிக் கடலின் வரைபடத்தை மாட்டச் சொல்லி, இது அயர்லாந்து போய்ச் சேரும்வரை ஓடும் என்றார் ரிக்கோவர். வழியில் சில சாதனங்கள் தொல்லை கொடுத்தன, உடன் இருந்தவர்கள் பயந்தார்கள். 96 மணி நேரம் கழித்து, பாலைவனத்தில் நின்ற இடத்திலேயே நின்ற அந்தக் கப்பல் துண்டு கணக்குப்படி அயர்லாந்தை அடைந்தது. அதற்குப் பிறகு, இது நடக்கிற காரியமா என்று கடற்படையில் கேட்டவர்கள் குறைந்தார்கள்.

அதே காலத்தில் கடற்படை அவரை வீட்டுக்கு அனுப்பவும் பார்த்துக்கொண்டிருந்தது. கேப்டன் பதவியிலிருந்து ரியர் அட்மிரலாக உயர்த்தும் தேர்வுக் குழு 1951இலும் 1952இலும் அவரைத் தாண்டிப் போனது. இரண்டு முறை தாண்டப்பட்டால் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. அவர் திறமையை யாரும் மறுக்கவில்லை. மேலதிகாரியைச் சுற்றிக்கொண்டு நேரே காங்கிரஸுக்குப் போகிறவர், சீருடையைவிடக் கோட்டு சூட்டு அணிவதை விரும்புகிறவர், கூட்டத்தில் யாரையும் முட்டாள் என்று சொல்லத் தயங்காதவர் என்பதுதான் குற்றச்சாட்டு. காங்கிரஸ் குறுக்கே நின்றது. பிரதிநிதி சிட்னி யேட்ஸும் செனட்டர் ஹென்ரி ஜாக்சனும் குரல் கொடுத்தார்கள், செனட் குழு மற்ற அதிகாரிகளின் பதவி உயர்வையும் நிறுத்தி வைத்தது. கடைசியில், அணு உந்துவிசையில் அனுபவம் உள்ள ஒரு பொறியியல் கேப்டனை உயர்த்த வேண்டும் என்று கடற்படைச் செயலர் புதிய தேர்வுக் குழுவுக்கு ஆணையிட்டார். அந்தத் தகுதி உடையவர் வேறு யாரும் இல்லை.

1955 ஜனவரி 17 அன்று உலகின் முதல் அணு நீர்மூழ்கியான நாட்டிலஸ் கனெக்டிகட் மாநிலத்தின் கிராட்டன் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. அணுசக்தியில் பயணம் தொடங்கிவிட்டோம் என்று செய்தி அனுப்பினார் அதன் தலைவர் யூஜின் வில்கின்சன். அந்த மே மாதம் பியூர்ட்டோ ரிக்கோவுக்கு ஏறத்தாழ 1,380 மைலை 90 மணி நேரத்துக்குள், மேலே வராமலே கடந்தது. 1958 ஆகஸ்ட் 3 அன்று பனிக்கு அடியில் வட துருவத்தைக் கடந்தது. அந்தச் சாதனைக்காக வெள்ளை மாளிகையில் நடந்த விழாவுக்கு ரிக்கோவரை அழைக்கவில்லை. பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின, காங்கிரஸ் அதே ஆண்டு அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

நீர்மூழ்கியில் இருந்த உலை நிலத்துக்கு வந்த கதை இன்னும் முக்கியமானது. விமானந்தாங்கிக் கப்பலுக்காகத் திட்டமிட்ட ஓர் உலையைச் செலவைக் காரணம் காட்டி ஐசன்ஹோவர் அரசு கைவிட்டது. அந்த வடிவமைப்பைப் பொதுமக்களுக்கான மின் நிலையமாக மாற்றும் பொறுப்பு ரிக்கோவரிடமே வந்தது. பென்சில்வேனியாவின் ஷிப்பிங்போர்ட்டில் 1957 டிசம்பரில் 60 மெகாவாட் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதன் தொழில்நுட்ப விவரங்களைப் பூட்டி வைக்காமல் வெளியிட்டார்கள். வெஸ்டிங்ஹவுஸிடம் பயிற்சி பெற்ற பொறியாளர்கள் தயாராக இருந்தார்கள், பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் இருந்தன. மின் நிறுவனங்கள் கையில் இருப்பதை வாங்கின. வாயு உலைக்கும் உப்பு உலைக்கும் அப்படிப் பணத்தைக் கொட்டி வழி திறந்துவிட ஒரு கடற்படை இருக்கவில்லை. பிந்தைய ஆண்டுகளில் அதே ஷிப்பிங்போர்ட்டில் தோரியமும் யுரேனியம்-233உம் கலந்த எரிபொருளை 1977 முதல் 1982 வரை ஓட்டி, எரித்ததைவிடச் சற்றே அதிகமாக எரிபொருள் விளையும் என்றும் ரிக்கோவரின் குழு காட்டியது. மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் வைத்திருக்கும் நமக்கு அது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சரி, இயந்திரம் ஒரு பாதி. மறுபாதி அதை இயக்கும் ஆட்கள். அணு நீர்மூழ்கியில் சேர விரும்பும் ஒவ்வோர் அதிகாரியையும் பல்லாண்டு காலம் ரிக்கோவரே நேர்காணல் செய்தார். நாற்காலியின் முன்கால்களை அறுத்துக் குட்டையாக்கி வைத்திருப்பார், உட்காருகிறவர் சறுக்கிக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். பதில் பிடிக்காவிட்டால் துடைப்ப அறையில் போய் நின்று யோசிக்கச் சொல்வார். இளம் ஜிம்மி கார்ட்டரிடம் கல்லூரியில் எத்தனையாவது இடம் என்று கேட்டார். 820 பேரில் 59 என்று பெருமையாகச் சொன்னார் கார்ட்டர். உன்னால் முடிந்ததை முழுதாகச் செய்தாயா என்று அடுத்த கேள்வி. யோசித்துவிட்டு, எப்போதும் செய்யவில்லை என்றார். ஏன் செய்யவில்லை என்று கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார் ரிக்கோவர். நாட்டின் அதிபரான பிறகும் அந்தக் கேள்வியைக் கார்ட்டர் மறக்கவில்லை. இந்த நேர்காணல் கதைகளை ரசித்துச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு நாற்காலிக் காலை அறுப்பது வெறும் அவமதிப்பாகத்தான் படுகிறது. கார்ட்டரிடம் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வி வேறு தரத்தில் இருக்கிறது.

அதைவிட அவருடைய அலுவலக வழக்கம் கவனிக்கத்தக்கது. அங்கே தட்டச்சாகும் ஒவ்வொரு கடிதத்துக்கும், வரைவு நிலையிலேயே, இளஞ்சிவப்புத் தாளில் ஒரு படி எடுத்து அன்றைக்கே அவர் மேசைக்கு வர வேண்டும். எல்லாவற்றையும் படிப்பார், ஓரத்தில் எழுதித் திருப்புவார். தொழிற்சாலைகளிலும் கப்பல் தளங்களிலும் அவருடைய பிரதிநிதிகள் இருந்தார்கள், அவர்கள் நேரே அவருக்கு எழுதுவார்கள். ஒவ்வொரு புதிய அணுக் கப்பலின் முதல் சோதனை ஓட்டத்திலும் பெரும்பாலும் தானே ஏறிக்கொள்வார். தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்று ஒரு பெயரைச் சுட்ட முடியாவிட்டால் அங்கே யாருமே பொறுப்பில் இருந்ததில்லை என்பது அவர் விடாமல் சொல்லிவந்த கருத்து.

அந்த ஒழுங்கின் எல்லையும் வெளிப்பட்டது. 1963 ஏப்ரல் 10 அன்று த்ரெஷர் நீர்மூழ்கி 129 பேரோடு அட்லாண்டிக்கில் மூழ்கியது. கடல்நீர்க் குழாயின் இணைப்பு ஒன்று பிளந்து, மின்சுற்று நனைந்து, உலை நின்றுபோயிருக்க வேண்டும் என்று விசாரணை கருதியது. உலை நின்றதும் கப்பலை மேலே தள்ளும் விசை போயிற்று. குழாய் இணைப்புகள் அவர் பொறுப்பில் இல்லை, மற்ற பகுதிகளின் தரம் உலையின் தரத்துக்கு இல்லை என்று அவர் சுட்டியது சரிதான். ஆனால் நின்ற உலையை மீண்டும் இயக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அவருடைய விதிமுறையில் அடங்கியது. விபத்துக்குப் பிறகு அந்த விதிமுறை மாற்றப்பட்டது. உலைக்கு அவர் வைத்திருந்த கண்டிப்பை நீர்மூழ்கியின் மற்ற பாகங்களுக்கும் கொண்டுபோகும் சப்சேஃப் திட்டம் அதன் பிறகுதான் வந்தது.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையத்தில் நடந்த விபத்து என்னை இன்னும் ஆழமாக யோசிக்க வைக்கிறது. திறந்து மூட வேண்டிய ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது, உலையின் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. அவசரநீர் தானாகவே பாயத் தொடங்கியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அதைக் குறைத்துவிட்டார்கள். அழுத்தத்தைப் பேணும் கலம் முழுக்க நீரால் நிரம்பிவிடக் கூடாது என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது, அளவுமானியும் அது நிரம்புவதாகக் காட்டியது. அவர்கள் கடற்படை அணுத் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள். நீர்மூழ்கியின் சின்ன உலையில் அந்தப் பயம் நியாயமானது, உலையை நிறுத்திய பிறகு மிஞ்சும் வெப்பம் அங்கே குறைவு. அதைவிடப் பல மடங்கு பெரிய மின் நிலைய உலையில் நிறுத்திய பிறகும் மிஞ்சும் வெப்பம் எரிபொருளையே உருக்கிவிடும். உருக்கியது, ஏறத்தாழப் பாதியை. நீர்மூழ்கியின் இயந்திரத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டார்கள், பயிற்சியில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தாளையும் படிக்கும் ஓர் ஆளையும், யார் பொறுப்பு என்ற கேள்வியையும் எடுத்துக்கொள்ளவில்லை. வைன்பெர்க் போன்றவர்கள் பெரிய நிலையங்களுக்கு வேறு வகை உலையை ஆராய்ந்திருக்க வேண்டும் என்று கருதியதில் நியாயம் இருக்கிறது.

1970களில் கப்பல் கட்டும் பெரு நிறுவனங்கள் கூடுதல் பணம் கேட்டபோது அவை பொய்க் கணக்கு என்று ரிக்கோவர் ஓயாமல் சண்டை போட்டார். ஆனால் அப்படிச் சண்டையிட்டவர், அவற்றில் ஒன்றான ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ 67,000 டாலர் மதிப்புள்ள பரிசுகள் வாங்கியிருந்தார் என்று ஓய்வுக்குப் பிறகு தெரியவந்தது. கடற்படைச் செயலர் ஜான் லேமன் எழுத்தில் கண்டித்தார். என் முடிவுகளை அவை பாதிக்கவில்லை என்றார் ரிக்கோவர். அந்த நிறுவனத்திடம் அவர் கண்டிப்பாக நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் தனக்குக் கீழே உள்ள யாராவது இந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் அவர் ஏற்றிருக்கவே மாட்டார்.

அவரை ஓய்வுபெற வைத்ததும் லேமன்தான். 1982 ஜனவரி 31, வயது 82. சில நாட்களுக்கு முன் காங்கிரஸ் கூட்டுக் குழுவின் முன் கடைசியாகப் பேச வந்த அவர், தான் கட்டிய அணுக் கப்பல்களைப் பற்றித் தனக்குப் பெருமை இல்லை, அவை வேண்டியிருக்கும் ஒரு தீமை, முடிந்தால் அத்தனையையும் மூழ்கடித்துவிடுவேன் என்றார். கதிரியக்கம் குறையக் குறையத்தான் இந்தப் பூமியில் உயிர் தோன்ற முடிந்தது, நாம் அதை மீண்டும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னார். வயதின் கசப்பு என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். நான் அப்படி ஒதுக்க மாட்டேன். அந்த உலைகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லை. 1986 ஜூலை 8 அன்று அவர் காலமானார்.

அவர் விலகிய மறுநாளே அதிபர் ரீகன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். கடற்படை உலைகளின் இயக்குநர் கடற்படைக்கும் எரிசக்தித் துறைக்கும் ஒருசேரப் பொறுப்பாக இருப்பார் என்ற இரண்டு தொப்பி ஏற்பாட்டை அந்த ஆணை அப்படியே வைத்துக்கொண்டது. பதவிக்காலத்தை மட்டும் எட்டு ஆண்டு என்று வரையறுத்தது.